நீலத்தை முதலில் பாருங்கள்

காசநோய்க்கான சளிப் பரிசோதனை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததும் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "சார், கிருமி எங்க?" லேப் படிப்பான டிஎம்எல்டியின் புத்தகத்தில் படம் பார்த்திருப்பார்கள். நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோடுகள். அதைத் தேடியே கண் ஓடும். நான் அவர்களை உடனே சிவப்பைத் தேட விடுவதில்லை. முதல் சில வாரங்களுக்கு நீலத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் பார்த்து நோட்டில் எழுதச் சொல்வேன். பாதிப் பேர் அலுத்துக்கொள்வார்கள். "நீலம் வெறும் பேக்ரவுண்டுதானே சார்" என்பார்கள். அந்த பேக்ரவுண்டில் இருப்பது நோயாளியின் உடம்பு. கிருமி வந்து என்ன செய்தது, உடம்பு அதை என்ன செய்தது என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

இந்த வழக்கம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. எனக்கு வேலை கற்றுத் தந்தவரை லேப்பில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சளி ஸ்லைடு பார்ப்பதில் தாம்பரம் வட்டாரத்தில் அவர் கை தனிக் கை. புதிதாகச் சேர்ந்தவன் ஒரு ஸ்லைடைப் பார்த்து "நெகட்டிவ் அக்கா" என்றால், "அது இருக்கட்டும். செல் இருக்கா?" என்று கேட்பார். பதில் தெரியாது. மறுபடி போய் உட்கார வேண்டியதுதான்.

தாம்பரத்தில் காசநோய் வேலை பழையது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் பச்சைமலைப் பக்கம் சில படுக்கைகளோடு தொடங்கிய சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மின்சார ரயிலில் போகிறவர்களுக்குச் சானடோரியம் என்பது ஒரு ஸ்டேஷனின் பெயர். இங்கே வருவதற்கு முன் டாக்டர் முத்து இங்கிலாந்தில் மென்டிப் மலைப் பக்கம் சானடோரியம் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சையில் இருந்தார். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். கிருமியோடு போராடுவது முழுக்க உடம்பின் பாடு. 1937இல் அரசாங்கம் சானடோரியத்தை எடுத்துக்கொண்டது. மருந்துகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

பிறகு 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். மாத்திரை கொடுத்து ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியை அவரவர் வீட்டில் விட்டும் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு, இடநெருக்கடி அதிகம். அப்படியும் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாக ஒட்டவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம் என்று பாடத்தில் சொல்வார்கள். எங்களைப் பொறுத்தவரை அதன் பலன் வேறு. நோயாளி வீட்டிலேயே இருக்கலாம் என்றானதும் அவரைக் கண்டுபிடிக்கும் வேலையும் ஊருக்குள் வந்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், முடிச்சூர் என்று ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் ஸ்லைடு பார்த்தாக வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

வேலை மைக்ராஸ்கோப்பில் தொடங்குவதில்லை. வெளியே, நோயாளி கையில் டப்பா கொடுக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஸ்லைடு கெட்டுப்போவதில் பெரும்பகுதி அங்கேதான். டப்பாவைக் கொடுத்து "சளி கொண்டாங்க" என்று சொன்னால் எச்சில்தான் வரும். அக்கா ஒவ்வொருவரிடமும் நின்று சொல்வார்: "வாயை நல்லாக் கொப்பளிச்சுக்குங்க. மூச்ச நல்லா இழுங்க, கொஞ்ச நேரம் புடிங்க, விடுங்க. மறுபடி இழுங்க. இப்ப அடிநெஞ்சிலேருந்து இருமுங்க." செய்தும் காட்டுவார். அப்புறம் ஆளை மரத்தடிக்கு, திறந்த வெளிக்கு அனுப்புவார். லேப்புக்குள்ளேயோ, வரிசையில் ஆட்கள் நிற்கும் வராந்தாவிலோ யாரும் இருமிச் சளி எடுக்கக்கூடாது. வெயிலும் காற்றும் இருக்கும் இடத்தில் கிருமி சீக்கிரம் கலைந்துபோகும், செத்தும்போகும்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் பொறுமை வேண்டும். நாலு பேர் நிற்கும் இடத்தில் காறி இருமக் கூச்சப்படுவார்கள். நுனிநாக்கில் இருப்பதைத் துப்பிக் கொண்டுவந்து தருவார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு நெகட்டிவ் எழுதினால் ரிஜிஸ்டரில் ஒரு வரி நிறையும், அந்தம்மா நோயோடு வீட்டுக்குப் போவார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் மனைவி நுரை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போய், ஆள் வராமல் தானே மறைவாக நின்று, இருமச் சொன்னார். வந்தது மஞ்சளாக, கெட்டியாக, டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த ஸ்லைடில் கிருமி நிறைய இருந்தது, டூ பிளஸ்.

காலையில் எழுந்ததும் எடுக்கும் சளிதான் நல்லது. ராத்திரி முழுக்க நெஞ்சில் சேர்ந்தது வரும். அளவு 2 மில்லியிலிருந்து 5 மில்லிவரை போதும். டப்பாவை அசைத்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் திருப்பிக் கொடுங்கள், கோபப்படாமல்.

இனி ஸ்மியர், அதாவது சளியை ஸ்லைடில் பரப்புவது. இதற்கு ஈர்க்குக்குச்சியை மிஞ்சிய கருவியை நான் பார்த்ததில்லை. விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்குத்தான். ஒடித்த முனை கொஞ்சம் சிலும்பி இருப்பதால் கெட்டிச் சளியைப் பற்றி இழுக்கும். கம்பி வளையம் வழுக்கிவிடும், அதை நெருப்பில் காட்டினால் சளி தெறிக்கவும் தெறிக்கும். ஒரு டப்பாவுக்கு ஒரு குச்சி. வேலை முடிந்ததும் 5% ஃபீனால் இருக்கும் வாளிக்குள் போய்விட வேண்டும். எந்தத் துணுக்கை எடுப்பது என்பதில்தான் கை தெரியும். டப்பாவைச் சாய்த்துப் பார்த்தால் சீழ் கலந்த மஞ்சள் துணுக்கு ஒன்றாவது தட்டுப்படும். அதைத்தான் எடுக்க வேண்டும். வழவழவென்று தெளிவாக இருப்பதை எடுத்தால் நாள் பூராவும் வெறும் ஃபீல்டுதான், அதாவது லென்ஸில் தெரியும் வெற்று வட்டம்தான், பார்க்க வேண்டியிருக்கும்.

ஸ்லைடில் எண்ணை டயமண்ட் பென்சிலால் கீறிவிட்டு, 3 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே பரப்ப வேண்டும். கனம் சரியா என்று பார்க்க அக்கா மேஜையில் பழைய தினத்தந்தி ஒன்று எப்போதும் கிடக்கும். காய்ந்த ஸ்லைடைப் பேப்பருக்குக் கொஞ்சம் மேலே பிடித்துப் பார்த்தால் கீழே இருக்கும் எழுத்து மங்கலாகப் படிக்க வர வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் ஸ்மியர் மெலிசு, கிருமி இருந்தும் தட்டுப்படாது. தெரியவே இல்லை என்றால் தடிப்பு, சாயம் ஏற்றும்போது உரிந்துகொண்டு போகும். ஈரமாக இருக்கும்போது சுடரில் காட்டவே கூடாது. தானாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் நேரம் பிடிக்கும், அவசரப்பட்டுப் பயனில்லை. உட்காரும் இடமும் முக்கியம். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து முன்னால் இருக்கும் ஜன்னல் வழியாகப் போகும்படி மேஜையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் போட்டுக்கொண்டு ஸ்மியர் போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னிடம் நல்ல வார்த்தை கிடைத்ததில்லை.

சாயம் ஏற்றுவதில் சூடுதான் எல்லாம். காசநோய்க் கிருமியின் மேல்தோல் மெழுகுத் தன்மை கொண்டது. மைகாலிக் அமிலம் என்ற நீளமான கொழுப்பு அமிலம் அதில் நிறைய. சாதாரணச் சாயம் அதற்குள் இறங்காது. கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சுடர் காட்டி, 5 நிமிடம் சூட்டிலேயே வைத்திருந்தால்தான் இறங்கும். எவ்வளவு சூடு என்று கேட்டதற்கு அக்கா சொன்னது: "இட்லிக் கொப்பரையில மொத ஆவி வருமே, அவ்வளவு. கொதிச்சா போச்சு." கொதித்தால் ஃபுக்சின் படிகமாகி ஸ்லைடில் உட்கார்ந்துகொள்ளும், கண்ணுக்குக் கிருமி மாதிரியே தெரியும். ஆவி குறைந்தால் சாயம் ஏறாது, பாசிட்டிவ் ஆள் நெகட்டிவ் ஆகிவிடுவார். சாயங்களை வைத்து ஆய்வு செய்த விஞ்ஞானி பால் எர்லிக்கைப் பற்றிக் கதை ஒன்று சொல்வார்கள். சாயம் போட்ட ஸ்லைடுகளைக் காயட்டும் என்று அணைந்த அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போனாராம். யாரோ அடுப்பை மூட்டிவிட, வந்து பார்த்தால் கிருமி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்ததாம். நடந்ததோ இல்லையோ, சூட்டின் அருமை தெரிந்த யாரோ சொன்ன கதை அது.

பிறகு 25% கந்தக அமிலம். மற்றக் கிருமிகளும் உடம்பின் செல்களும் சிவப்பை விட்டுவிடும், இது விடாது. அதனால்தான் ஆசிட் ஃபாஸ்ட் என்று பெயர். கழுவிய பிறகு ஸ்லைடில் சிவப்பு தங்கியிருந்தால் இன்னொரு முறை ஆசிட் ஊற்றுங்கள். கடைசியில் மெத்திலின் நீலம், அரை நிமிடம். அதற்கு மேல் விடாதீர்கள், நீலம் தடித்தால் சிவப்பு மறைந்துவிடும்.

இப்போது லென்ஸுக்கு வாருங்கள். ஆயில் இம்மர்ஷன், நூறாம் நம்பர் லென்ஸ்.

முதலில் தெரிவது பெரிய, தட்டையான, ஓரம் மடங்கிய செல்களா? அவை வாயின் உள்தோலிலிருந்து உதிர்ந்தவை. ஸ்லைடு முழுக்க அவைதான் என்றால் உங்களிடம் இருப்பது எச்சில். அதில் கிருமி இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, ஏனென்றால் நுரையீரலை நீங்கள் பார்க்கவே இல்லை. இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்த கரு உள்ள சின்னச் செல்கள் கூட்டமாக இருந்தால் அவை சீழ்ச் செல்கள். நுரையீரலுக்குள் சண்டை நடக்கிறது என்று பொருள். பெரிதாக, உருண்டையாக, உள்ளே கரும்பொடி வைத்துக்கொண்டு ஒரு செல் கிடந்தால் அது மேக்ரோஃபேஜ். நுரையீரலின் அடியிலிருக்கும் காற்றுப்பையில் வாழ்வது. அதைப் பார்த்தால் சளி சரியான ஆழத்திலிருந்து வந்திருக்கிறது என்று நிம்மதியாக உட்காரலாம். பீடி குடிப்பவர்களின் மேக்ரோஃபேஜ் பழுப்புப் பொடியை நிரப்பி வைத்திருக்கும். பம்மல், திரிசூலம் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தால் நான் இன்னும் நிதானமாகப் பார்ப்பேன். கல் தூளில் இருக்கும் சிலிகா மேக்ரோஃபேஜையே முடக்கிவிடும். அது முடங்கிய நெஞ்சில் காசநோய் சுலபமாக ஏறும்.

இந்த மேக்ரோஃபேஜைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி வேலை விளங்கும். மூச்சோடு காற்றுப்பைக்குள் இறங்கும் கிருமியை முதலில் விழுங்குவது இதுதான். விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்து, செரிக்கும் நொதிகளை அதில் கொட்டிக் கொல்லும். பெரும்பாலான கிருமிகளின் கதை அத்தோடு முடிந்தது. காசநோய்க் கிருமி அந்தப் பைக்குள் நொதி வந்து சேராமல் தடுத்துவிட்டு, உள்ளேயே பெருகுகிறது. அதுவும் நிதானமாக. குடலில் இருக்கும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும்போது இதற்கு 18 முதல் 24 மணிநேரம் ஆகும். கல்ச்சர் லேப்பில் முட்டை கலந்த எல்ஜே மீடியத்தில் விதைத்துவிட்டு 8 வாரம்வரை காத்திருப்பது இதனால்தான்.

சில வாரங்களில் உடம்புக்கு விஷயம் தெரிந்துவிடும். டி செல்கள் என்ற எதிர்ப்புப் படை வந்து சேர்ந்து மேக்ரோஃபேஜுக்கு உரம் ஏற்றும். எல்லாமாகச் சேர்ந்து கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்துவிடும். கிரானுலோமா என்பது அதுதான். கிருமி நுழைந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கதை இங்கேயே நின்றுவிடுகிறது. வாழ்நாளில் நோயாக மாறுவது 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரை நோய், சரியான சாப்பாடு இல்லாமை, குடி, புகை என்று ஏதாவது வந்து அந்த அடைப்பைத் தளர்த்தும்போது உள்ளே கிடப்பது எழுந்துகொள்கிறது.

ஸ்லைடு பார்க்கிறவன் மறக்கக்கூடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. த்ரீ பிளஸ் ஸ்லைடு என்றால் கிருமி பலமாக இருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். உடம்பும் பலமாகச் சண்டை போட்டிருக்கிறது. அந்தச் சண்டையில் கிரானுலோமாவின் நடுப்பகுதி அழுகி, இளகி, மூச்சுக்குழாய்க்குள் உடைந்துகொள்ளும். நுரையீரலில் குழி விழும். குழிக்குள் காற்று தாராளம், கிருமி கோடிக்கணக்கில் பெருகும், இருமும்போதெல்லாம் வெளியே வரும். நம்மிடம் வரும் மஞ்சள் சளி அந்தக் குழியிலிருந்து வருவது. குழியைத் தோண்டியதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு உடம்பின் சொந்தப் படைக்கும் உண்டு.

இது எங்களுக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. எச்ஐவி வந்தபோது விளங்கியது. இந்தியாவில் முதல் எச்ஐவி தொற்றை 1986இல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். மற்ற இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிகளைத் தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஸ்லைடு பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு குழப்பம் இருந்தது. ஆள் எலும்பும் தோலுமாக இருப்பார், நிற்க முடியாது, காய்ச்சல் விடாது. எக்ஸ்ரேயில் மூட்டமாக ஏதோ தெரியும், குழி இருக்காது. சளி ஸ்லைடு மூன்றும் நெகட்டிவ். டாக்டர் மறுபடி அனுப்புவார், மறுபடி நெகட்டிவ். எங்களில் ஒருவன் எரிச்சலோடு, "இவருக்கு டிபியே இல்லக்கா, நம்ம உயிரை வாங்குறாங்க" என்றான். அக்கா ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சண்டை போட உடம்புல ஆளில்ல தம்பி. அதான் கிருமி வெளிய வரல."

அதுதான் விஷயம். எச்ஐவி டி செல்களை அழித்துவிடுகிறது. டி செல் இல்லாமல் கிரானுலோமா ஒழுங்காகக் கட்டாது, குழியும் விழாது. கிருமி உடம்பெங்கும் பரவிக் கிடக்கும், சளியில் மட்டும் குறைவாக வரும். ஸ்மியரில் ஒரு கிருமியாவது கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் எவ்வளவு நல்ல கண்ணுக்கும் தெரியாது. அதனால் நெகட்டிவ் என்று எழுதும்போது நோய் இல்லை என்று எழுதுவதாக நினைக்காதீர்கள். நூறு ஃபீல்டில் எனக்குத் தட்டுப்படவில்லை என்றுதான் எழுதுகிறீர்கள். 2004 ஏப்ரலில் அரசு எச்ஐவிக்கான ஏஆர்டி மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்தால் நோயாளிகளின் உடம்பில் படை திரும்பி வந்தபோது சிலருக்குப் பழைய காசநோய் திடீரென்று கொழுந்துவிட்டது, காய்ச்சலும் நெறிக்கட்டியுமாக. மருந்து கெடுத்துவிட்டது என்று வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். உடம்பு மறுபடி சண்டை போடத் தொடங்கியதன் அடையாளம் அது.

எண்ணுவதற்கு வருவோம். சிவப்பாக, மெலிசாக, லேசாக வளைந்து, சில சமயம் மணிமணியாக, தனியாகவோ இரண்டு சேர்ந்து கோணமாகவோ கிடக்கும். நூறு ஃபீல்டிலும் ஒன்றுமில்லை என்றால் நெகட்டிவ். நூறு ஃபீல்டில் 1 முதல் 9வரை என்றால் ஸ்கேன்டி, எத்தனை என்ற எண்ணையும் எழுத வேண்டும். 10 முதல் 99வரை ஒன் பிளஸ். ஒரு ஃபீல்டுக்கு 1 முதல் 10வரை இருந்தால் டூ பிளஸ், 50 ஃபீல்டு பார்த்தால் போதும். அதற்கு மேல் த்ரீ பிளஸ், 20 ஃபீல்டில் முடித்துவிடலாம். த்ரீ பிளஸ்ஸை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். ஸ்கேன்டிதான் நம் சம்பளத்துக்கான வேலை. ஒரு நாளைக்கு 20, 25 ஸ்லைடுக்கு மேல் ஒரு ஆள் பார்க்கக்கூடாது. கண் அலுத்தால் முதலில் தவறுவது ஸ்கேன்டி.

பொய்ப் பாசிட்டிவ் இரண்டு வழியில் வரும், இரண்டையும் பார்த்துவிட்டேன். ஓரிடத்தில் த்ரீ பிளஸ் ஒன்றுக்குப் பின்னால் வரிசையாக நாலைந்து ஸ்லைடு ஸ்கேன்டி. புதுப் பையன் எண்ணெய் விடும்போது குச்சி முனை ஸ்லைடில் பட்டிருக்கிறது. ஒரு ஸ்லைடின் கிருமியை எண்ணெய் அடுத்ததற்குக் கடத்திவிட்டது. சொட்டு தானாக விழ வேண்டும், முனை தொடக்கூடாது. லென்ஸையும் ஸ்லைடுக்கு ஸ்லைடு துடைக்க வேண்டும். இன்னொரு லேப்பில் ஒரு மாதம் முழுக்க ஸ்கேன்டியாக வந்துகொண்டிருந்தது. எல்லாம் எச்சில் ஸ்லைடுகள், சீழ்ச் செல் ஒன்றுகூட இல்லை. அங்கேதான் சந்தேகம் வந்தது. உடம்பு கிருமியோடு மோதிய தடயமே இல்லாமல் கிருமி மட்டும் எப்படி வரும்? தொட்டித் தண்ணீரில் சாயம் கலக்கியிருந்தார்கள். தண்ணீரில் வாழும், நோய் தராத ஆசிட் ஃபாஸ்ட் கிருமிகள் உண்டு. டிஸ்டில்டு வாட்டருக்கு மாறியதும் நின்றுவிட்டது. நீலத்தைப் பார்க்கத் தெரிந்திருந்ததால் அத்தனை பேர் வீணாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிடாமல் தப்பினார்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மரப்பெட்டிக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டு மைக்ராஸ்கோப்பை உள்ளே வையுங்கள். சிலிகா ஜெல் போட்டால் நிறம் மாறியதும் வறுத்துப் போடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடிவரை தண்ணீர் நின்றது. அதன்பிறகு எந்த லேப்புக்குப் போனாலும் மைக்ராஸ்கோப்பும் ரிஜிஸ்டரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று முதலில் பார்ப்பேன்.

இப்போது எல்இடி மைக்ராஸ்கோப் வந்துவிட்டது. ஆரமின் சாயத்தில் கிருமி கறுப்புக்கு நடுவே மஞ்சளாக மின்னும். சின்ன லென்ஸிலேயே பார்க்கலாம், வேகம், கண்ணுக்கும் சுகம். ஸ்கேன்டி கூடுதலாகத் தட்டுப்படுகிறது, அதை மறுக்க முடியாது. எனக்கு ஒரே குறை, நீலம் போய்விட்டது. அந்த இருட்டில் செல் தெரியாது. சளியா எச்சிலா என்பதை டப்பாவிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் புதுப் பிள்ளைகளைப் பழைய முறையில்தான் ஆரம்பிக்க வைக்கிறேன். சிபிநாட், ட்ரூநாட் மெஷின்கள் இன்னும் ஒரு படி மேல். ஓரிரண்டு மணிநேரத்தில் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சொல்லிவிடுகின்றன. நாங்கள் பார்க்க முடியாத அந்த எச்ஐவி சளிகளில் பலவற்றை அவை பிடிக்கின்றன. அந்த மெஷின்கள் அப்போதே இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. எங்கள் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிகிச்சை நடக்கும்போது நோயாளி தேறுகிறாரா என்று பார்க்க அந்த மெஷின் உதவாது. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பாசிட்டிவ் என்றே காட்டும். ஸ்மியருக்கும் உயிருள்ளது எது, செத்தது எது என்று தெரியாது. முடிவான பதில் கல்ச்சரில்தான். ஆனால் த்ரீ பிளஸ் ஒன் பிளஸ் ஆகி, ஸ்கேன்டி ஆகி, நெகட்டிவ் ஆவதை ஸ்மியர் காட்டும்.

அப்படி இரண்டாம் மாதம் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள். "இருமலே இல்ல சார், சளி வர மாட்டேங்குது" என்பார்கள். எடை ஏறியிருக்கும், மூச்சு இழுத்து இருமினாலும் நுரைதான் வரும். இங்கே மட்டும் நான் சொன்ன சட்டத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஃபாலோ-அப் சளி எச்சிலாகவே இருந்தாலும் திருப்பி அனுப்பாதீர்கள். ஸ்மியர் போட்டு நூறு ஃபீல்டும் பாருங்கள். தட்டைச் செல்தான் நிறைய இருக்கும், சீழ்ச் செல் அங்கொன்று இங்கொன்று. நெகட்டிவ் என்று எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'எச்சில் மாதிரி' என்று குறித்துவிடுங்கள், டாக்டர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.